நீலக் கோளின் ஓரத்தில் ஒரு புயல்

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. மகள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பாடசாலைச் செயற்றிட்டமொன்றுக்காக வாங்கியது. கறுப்புப் பின்னணியில் ஒரு நீல உருண்டை. நடுவில் மண்நிறத்தில் ஆபிரிக்கா, அதன் அருகில் மடகஸ்கார், மேலே அரேபியா, அடியில் வெள்ளை வெளேரென்று அந்தாட்டிக்கா. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே அதிக தடவை அச்சிடப்பட்ட புகைப்படங்களில் இதுவும் ஒன்று என்று சொல்வார்கள்.

அன்று மகள் கேட்டாள்: "அம்மா, எங்கட இடம் இதில எங்க?"

என் விரல் ஆபிரிக்காவிலிருந்து அரேபியாவுக்குப் போய், அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்து, விளிம்பில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் முகில்தான் இருந்தது. தீவின் வடிவத்தை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. "உங்கினதான் எங்கயோ இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு நூலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவள் நான். பிள்ளைக்குச் சொன்ன அந்தப் பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. வானத்திலிருந்து பூமியில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அது 1972 டிசெம்பர் 7ஆம் திகதி அப்பலோ 17 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் மூவர்: யூஜின் சேர்னன், றொனால்ட் எவன்ஸ், ஹரிசன் ஷ்மிற். புளோரிடாவிலிருந்து நள்ளிரவு கழிந்து புறப்பட்டவர்கள், ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில், ஏறத்தாழ 29,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து ஹசல்பிளாட் கமராவால் அதை எடுத்தார்கள். எடுத்தது தாமே என்று ஒருவருக்கு மேற்பட்டவர்கள் உரிமை கோரியிருக்கிறார்கள். நாஸா மூவரின் பெயரிலும் போட்டுவிட்டது. சூரியன் கலத்துக்குப் பின்னால் இருந்தபடியால் பூமி முழு நிலவுபோல ஒளியாக இருந்தது. மூலப் படத்தில் தென்முனைதான் மேலே. நாங்கள் பழகிய வரைபடம்போலத் தெரியவேண்டும் என்று பிறகுதான் அதைத் தலைகீழாகத் திருப்பி வெளியிட்டார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக எந்த மனிதரும் பூமியை ஒரே பார்வையில் முழு வட்டமாகக் காணும் தொலைவுக்குப் போகவில்லை.

படம் எடுத்த நேரம் எங்கள் ஊர்க் கணக்கில் பின்னேரம் நாலு மணி தாண்டி ஒன்பது நிமிடம். வலப்பக்க மேல் விளிம்பருகே உள்ள அந்த வெள்ளைச் சுழி எது என்பதை நான் அறிந்தது பல வருடங்கள் கழித்து. அது ஒரு புயல். டிசெம்பர் 5ஆம் திகதி இரவும் 6ஆம் திகதி விடியற்காலையும் சேரும் நேரத்தில் கடலூருக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்த புயல். சென்னையில் அதனால் வந்த வெள்ளத்தில் ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள்; 30,000 பேர் வீடிழந்தார்கள். சேர்னனும் மற்றவர்களும் கமராவை யன்னலுக்கு நேரே பிடித்த வேளையில், கீழே சனங்கள் தண்ணீருக்குள் நின்று பாத்திரம் பண்டங்களைத் தேடியிருப்பார்கள்.

உலகம் ஒன்று, அழகானது, உடையக்கூடியது என்பதற்கு அடையாளமாக ஐம்பது வருடமாகப் பாடசாலைச் சுவர்களிலும் சூழலியல் பதாகைகளிலும் ஒட்டப்பட்ட படத்தில், எங்கள் மொழி பேசும் கரையில் நடந்த ஓர் அழிவு எல்லோருக்கும் முன்னால் இருந்திருக்கிறது. ஒளித்து வைக்கப்படவில்லை. அது என்ன என்று தெரியாமலே பார்த்தோம்.

*

வானத்திலிருந்து என்ன தெரியும் என்று கேட்டால் முதலில் வரும் பதில் சீனப் பெருஞ்சுவர். எங்கள் காலத்துப் பொது அறிவுப் புத்தகங்களிலும் அது இருந்தது. இந்த நம்பிக்கை விண்வெளிப் பயணத்தைவிட வயதில் மூத்தது. வில்லியம் ஸ்ரூக்லி என்ற ஆங்கிலேயர் 1754இலேயே, சந்திரனிலிருந்தும் அந்தச் சுவர் தெரியக்கூடும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்போது மனிதன் பலூனில்கூட ஏறியிருக்கவில்லை. 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் திரும்பி வந்து, சுவரைத் தன்னால் காண முடியவில்லை என்றார். சீனாவில் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சே எழுந்தது.

ஏன் தெரியாது என்பது எளிய கணக்கு. நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய முடியும். 400 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அது ஏறத்தாழ 120 மீற்றர். சுவரின் அகலமோ சில மீற்றர்தான். அதன் நிறமும் பக்கத்து மண்ணின் நிறம். நீளம் எவ்வளவு இருந்தாலும், அகலமும் நிற வேறுபாடும் இல்லாவிட்டால் கண்ணுக்கு அகப்படாது. அதே உயரத்திலிருந்து, ஸ்பெயினின் அல்மெரியாக் கரையில் பிளாஸ்ரிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் ஒரு வெள்ளைத் திட்டாகப் பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்தக் கூரைகளின் கீழே வெக்கையில் வேலை செய்யும் மொரோக்கோ நாட்டுக் கூலியாட்களை மேலிருந்து காண முடியாது.

ஆனால் இந்தக் கணக்கும் முழு உண்மை அல்ல. 1963 மே மாதத்தில் தனியாகப் பூமியைச் சுற்றிய கோர்டன் கூப்பர், திபெத்துப் பக்கம் தனித்தனி வீடுகளையும் அவற்றின் புகையையும் கண்டதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. தனிமையில் கண்ட மாயக்காட்சியோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். ஆகவே 1965இல் ஒரு கண் பரிசோதனை நடத்தினார்கள். ரெக்ஸாஸில் லறேடோ நகருக்கு வடக்கேயும், மேற்கு அவுஸ்திரேலியாவில் கார்னார்வனிலும், நிலத்தில் பெரிய சதுரங்கள் அமைத்து அவற்றில் வெள்ளைப் பட்டைகளை வெவ்வேறு திசைகளில் வைத்தார்கள். கண் வைத்தியர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை வயல் அளவில் விரித்ததுபோல. ஜெமினி 5இலும் ஜெமினி 7இலும் போனவர்கள் பட்டைகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று சொல்லவேண்டும். முடிவு இதுதான்: விண்வெளியில் கண் பூமியில் உள்ளதுபோலவே வேலை செய்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வறண்ட தெளிந்த காற்றில், வெளிறிய மண்ணின் மேல் நீளும் ஒரு புகைக்கோடு தெரியலாம். புகையின் அடியில் வீடு உண்டு என்று அறிந்தவருக்கு வீடும் தெரிந்ததுபோல இருக்கலாம். கூப்பர் கண்டது பொய்யல்ல. கண் பாதியைப் பார்த்தது, அனுபவம் மிச்சத்தைச் சேர்த்தது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூற் 7 நிலையத்தில் இருந்தபோது, மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டார். சர்மா கவிஞர் இக்பாலின் பாடலொன்றின் முதல் வரியைப் பதிலாகச் சொன்னார். யன்னலில் கண்டதைச் சொல்லவில்லை, பாடசாலையில் பாடியதைச் சொன்னார். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

*

எங்கள் தீவை மனிதர் முதன்முதலாக நல்ல தெளிவோடு வானத்திலிருந்து எடுத்த படங்களில் ஒன்று 1966 செப்ரெம்பர் 14ஆம் திகதி எடுத்தது. ஜெமினி 11 கலத்தில் சார்ள்ஸ் கொன்ராட்டும் றிச்சார்ட் கோர்டனும் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் 1,369 கிலோமீற்றர் உயரம் வரை ஏறினார்கள். படத்தில் இந்தியாவின் தென்முனையும் இலங்கையும் முழுதாகக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மன்னாரையும் இராமேஸ்வரத்தையும் தொடுக்கும் மணல் திட்டுகளையும் பார்க்கலாம்.

என் அம்மாவுக்கு 1972 புயல் நினைவில் இல்லை. ஆனால் 1964 டிசெம்பர் புயலை நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயது. வடக்கில் கடற்கரையோரம் முழுக்க அடித்துப் போட்ட புயல் அது. அதே புயல்தான் மறுகரையில் தனுஷ்கோடியை இல்லாமலாக்கியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் போய் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன கப்பல், அதன்பின் அந்தத் துறைக்குப் போகவே இல்லை. கொன்ராட்டும் கோர்டனும் படம் எடுத்தது அது நடந்து இரண்டு வருடம் ஆவதற்குள். படத்தில் மணல் திட்டு இருக்கிறது. தனுஷ்கோடி என்ற ஊர் அழிந்துபோனதற்கு அடையாளம் எதுவும் இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அந்த உயரத்திலிருந்து அந்த ஊர் தெரிந்திருக்காது. ஆகவே இல்லாமல் போனதும் தெரியவில்லை.

2005இல் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியபோது, இந்த வகைப் படங்கள் வழக்குக்கும் அரசியலுக்கும் சாட்சியாக இழுக்கப்பட்டன. திட்டுகளை மனிதர் கட்டினார்களா, எவ்வளவு பழையவை என்பதையெல்லாம் தன் படங்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதே நாஸாவின் நிலைப்பாடு. மேலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லும். யார் செய்தது, எப்போது, எதற்காக என்று கேட்டால் அது வாய் திறக்காது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

*

வானத்திலிருந்து பார்க்கும் வரலாறு அழகைத் தேடித் தொடங்கியதல்ல. விண்வெளியின் எல்லையைக் கடந்து பூமியை எடுத்த முதல் படம் 1946 ஒக்ரோபர் 24ஆம் திகதி, நியூ மெக்சிக்கோவில் ஏவிய ஒரு வி-2 ஏவுகணையிலிருந்து எடுக்கப்பட்டது. உயரம் 105 கிலோமீற்றர். ஒன்றரைச் செக்கனுக்கு ஒரு படம் என்று எடுத்த கமரா நிலத்தில் விழுந்து நொறுங்கியது. உருக்குப் பெட்டிக்குள் இருந்த படச்சுருள் தப்பியது. அந்த ஏவுகணை வகை இரண்டு வருடத்துக்கு முன்னர் லண்டனிலும் அன்ற்வேர்ப்பிலும் விழுந்தது. அதைச் செய்யும் நிலத்தடித் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள்.

அடுத்த பெரிய அடியும் போருக்காகவே வைக்கப்பட்டது. கொறோனா என்ற அமெரிக்க உளவுச் செய்மதித் திட்டம் 1960 ஓகஸ்ட்டில் முதல் வெற்றியைக் கண்டது. படச்சுருள் ஒரு வாளிபோன்ற கூட்டில் பரசூட்டில் இறங்கும். விமானம் ஒன்று அதை நடுவானில் கொளுவி எடுக்கும். 1972 வரை எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 1995இல்தான் பகிரங்கப்படுத்தினார்கள். ஏவுகணைத் தளங்களைத் தேடி எடுத்த அந்தப் படங்களில், இன்று தொல்லியலாளர்கள் சிரியாவிலும் ஈராக்கிலும் மண்ணுக்குள் மறைந்த பழைய பாதைகளையும் மேடுகளையும் தேடுகிறார்கள். அணைக்கட்டு நீருக்குள் போய்விட்ட ஊர்கள்கூட அவற்றில் பத்திரமாக இருக்கின்றன. வேவு பார்த்தவர்கள் அறியாமலே சேர்த்து வைத்த ஆவணக் களஞ்சியம்.

அந்த உளவுக் கமராக்களுக்குக் கீஹோல், அதாவது சாவித் துவாரம், என்று பெயர். பல வருடத்துக்குப் பிறகு அதே பெயரில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தைக் கூகிள் 2004இல் வாங்கியது. அடுத்த வருடம் யூனில் அது கூகிள் ஏர்த் ஆக எங்கள் வீட்டுக் கணினிக்கு வந்தது.

புலம்பெயர்ந்த எந்தத் தமிழர் வீட்டிலும் அதன் பிறகு நடந்தது ஒன்றுதான். யாரும் ஈபிள் கோபுரத்தைத் தேடவில்லை. எல்லோரும் ஊரைத் தேடினார்கள்.

எங்கள் ஊர் பலாலிக்கும் மயிலிட்டிக்கும் நடுவில். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் எழும்பியபோது நாங்களும் எழும்பினோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்ற நினைப்பு. அம்மா கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, யாரும் களவெடுத்துப் போகாமல் வீட்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு வந்தவர். அதே வருடம் ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை, வெளியேற்றினார்கள். பல இடங்களில் ஓரிரு மணித்தியால அவகாசம்தான் கொடுத்தார்கள். எங்களைப் பற்றி எழுதும்போது அதையும் எழுதாவிட்டால் கணக்குப் பிழைக்கும். அந்த வருடம் பெப்ரவரி 14ஆம் திகதிதான் வொயேஜர் 1 கலம் 600 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்துப் பூமியைப் படமெடுத்தது. அதில் பூமி ஒரு புள்ளியின் எட்டில் ஒரு பங்குகூட நிரப்பவில்லை. அந்த அளவில் பார்த்தால் எல்லைகளும் சண்டைகளும் அற்பம் என்று சொல்வார்கள். சொல்வது சுலபம். அந்தப் புள்ளிக்குள் இருந்துகொண்டு யூனிலும் ஒக்ரோபரிலும் சட்டி பானையோடு நடந்தவர்களுக்கு அது ஆறுதலாகாது.

எல்லைகள் வானத்திலிருந்து தெரியாது என்பதும் பாதி உண்மைதான். 2011 ஓகஸ்ட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இரவில் எடுத்த படத்தில் இந்திய–பாகிஸ்தான் எல்லை செம்மஞ்சள் கோடாக வளைந்து போகிறது. வேலிக்குப் போட்ட காவல் விளக்குகள். போதுமான பயமும் மின்சாரமும் இருந்தால் எல்லையும் தெரியும்.

கூகிள் ஏர்த்தில் முதலில் கடற்கரையைப் பிடித்தேன், பிறகு கோயில் கேணியை. கேணியிலிருந்து ஒழுங்கையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கள் வளவு. வீடு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு நீள்சதுரமும் பற்றைகளும் இருந்தன. கூரை நிழல் இல்லை, ஆகவே சுவரும் இல்லை. யார் இடித்தார்கள், எந்த வருடம் இடித்தார்கள் என்று படத்தில் இல்லை. ஆகவே நானும் இங்கே எழுதவில்லை. வளவின் வடக்கு மூலையில் மட்டும் ஒரு சின்ன, இருண்ட வட்டம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். வீடு இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"உது எங்கட கிணறு."

"ஓம் அம்மா."

"கிணத்துக்க தண்ணி கிடக்கோ பிள்ளை?"

படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்க வட்டம் சதுரங்களாக உடைந்தது. இருண்டிருப்பது தண்ணீரா, நிழலா, கல்லும் குப்பையும் போட்டு மூடிய பள்ளமா என்று சொல்ல முடியாது. வரைபடப் பிரிவில் அத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு விடை தெரியவில்லை. "தெரியேல்லை அம்மா" என்றேன்.

*

2009 மே 10ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். அன்று பின்னேரம் ரொறன்ரோவில் தமிழர்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் பதின்மூன்று வயது மகளும் அங்கே இருந்தோம். மேலே ஹெலிகொப்ரர்கள் சுற்றின. இரவுச் செய்தியில் நாங்கள் வானத்திலிருந்து எப்படித் தெரிந்தோம் என்று கனடா முழுக்கப் பார்த்தது. போக்குவரத்து எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது.

அதே மே 10இல் வேறொரு கமராவும் வேலை செய்தது. ஒரு வர்த்தகச் செய்மதி முல்லைத்தீவுக் கரையில் பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட சிறு நிலத்துண்டைப் படமெடுத்தது. மே 6இல் எடுத்த படமும் இருந்தது. மனித உரிமை அமைப்புகள் கேட்டுக்கொண்டதன் பேரில், அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தினர் இரண்டையும் ஒப்பிட்டார்கள். நான்கு நாளுக்குள் ஆயிரக்கணக்கான தறப்பாள் கொட்டில்கள் இருந்த இடத்தில் இல்லை. முதற்படத்தில் இல்லாத குண்டுக்குழிகள் இரண்டாம் படத்தில் இருந்தன. புதைகுழிகளாக இருக்கக்கூடிய மேடுகளையும் அவர்கள் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்னரே, ஐக்கிய நாடுகளின் செய்மதிப் பிரிவான யூனோசாற் ஏப்ரல் மாதப் படங்களைக் கொண்டு தயாரித்த ஆய்வொன்று வெளியே கசிந்திருந்தது.

இந்த வகைச் செய்மதிகள் நிலத்தில் அரை மீற்றர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். ஒரு தறப்பாள் நாலைந்து மீற்றர், தெளிவாகத் தெரியும். ஒரு ஆள் மேலிருந்து பார்த்தால் அரை மீற்றர்தான். படத்தில் ஒரு புள்ளி, சிலவேளை அதுவும் இல்லை. ஆகவே கொட்டில்களை எண்ணினார்கள், குழிகளை எண்ணினார்கள். கொட்டிலுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஊகித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அங்கே மிஞ்சியிருப்போர் பற்றி அரசு அப்போது சொன்ன தொகை மிகச் சிறியது. பிறகு முகாம்களில் வைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல், பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று எழுதியது. அந்தக் குழுவும் செய்மதிப் படங்களைப் பயன்படுத்தியது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, அந்த மாதங்களில் தன் நிறுவனம் கடமையில் தவறியது என்று ஒப்புக்கொண்டது.

இங்கேதான் மணல் திட்டுக்குத் திரும்புகிறேன். குழி இருக்கிறது என்று படம் சொன்னது. குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்குக் குழியின் வடிவம், சிதறிய மண்ணின் திசை, தூரத்தில் தெரிந்த மோட்டார் நிலைகள் என்று பலதையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. அப்படி வாசித்ததை மறுக்க விரும்பியவர்கள் மறுத்தார்கள். ஒரு புகைப்படம் தானாகச் சாட்சி சொல்லாது. அங்கே நின்றவர் ஒருவர் வந்து, இந்த மரத்தடியில்தான் வைத்தியசாலை இருந்தது, இந்த வாய்க்காலுக்குள்தான் நாங்கள் படுத்திருந்தோம் என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். அப்படிக் காட்டக்கூடியவர்களில் பலர் இப்போது எங்கள் நகரங்களில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில், கோயிலில், பஸ்ஸில். அவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது.

நீண்ட காலம் நானும் எல்லோரையும்போல, உலகம் பார்க்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் இருந்து கத்தியதும் அதைத்தான். இந்தத் தேடலுக்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உலகம் பார்த்தது. மே 6இல் பார்த்தது, மே 10இல் பார்த்தது, அரை மீற்றர் துல்லியத்தோடு பார்த்தது. பார்த்தல் மட்டும் எதையும் நிறுத்துவதில்லை என்பது எனக்குக் கசப்பான பாடம். ஆனாலும் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டது நல்லது. அவை இல்லாவிட்டால் கொட்டில்களே இருக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

*

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். போன நத்தார் விடுமுறைக்கு வந்தபோது நிலக்கீழ் அறைக்குப் போய்ப் படத்தைப் பார்த்து, "இன்னும் இது இருக்கா?" என்று சிரித்தாள். வலப்பக்க மேல் விளிம்பைக் காட்டி, அந்த வெள்ளைச் சுழியின் கதையைச் சொன்னேன். இருபது வருடம் பிந்திய பதில். ஒரு பென்சிலை எடுத்து, படத்தின் கறுப்பில் தெரியாது என்பதால் சட்டத்தின் வெள்ளைக் கரையில், ஓர் அம்புக்குறி போட்டு, கடலூர், 1972 என்று எழுதினாள். அவளுடைய தமிழ் எழுத்து இப்போதும் நாலாம் வகுப்பு எழுத்துத்தான். ஆனால் பிழையில்லாமல் எழுதினாள்.

எங்கள் பக்கத்துக் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்ட பிறகு, 2018இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கேணியிலிருந்து ஒழுங்கையைப் பிடித்துப் போனோம். கணினியில் போன அதே வழி. மேலிருந்து வெளிறிய நீள்சதுரமாகத் தெரிந்தது சீமெந்து நிலத்தின் மிச்சம். பற்றைகள் ஆள் உயரம். கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது, கப்பித் தூண் இல்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தண்ணி கிடக்குப் பிள்ளை."

நானும் பார்த்தேன். பாசி படிந்த பச்சைத் தண்ணீர். அதில் எங்கள் இரண்டு தலைகள்.

"நல்ல தண்ணியோ உவராப் போச்சோ எண்டு பார்த்துச் சொல்லேலாது" என்றார் அம்மா. "அள்ளிக் குடிச்சாத்தான் தெரியும். கயிறொண்டு கொண்டு வந்திருக்கலாம்."

பக்கத்து வளவில் ஒருவர் பற்றை வெட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் வாளியும் கயிறும் கேட்கப் போனேன்.